சூடு தெரியாத கையும் இரண்டு வளையங்களும்

1

இதை எழுத வேண்டும் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை புது நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, அதற்குமேல் ஓடாமல் மூடி வைத்துவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். அறந்தாங்கிப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறிக் கோலாலம்பூர் வந்தவன். ஆய்வுக்கூடத்து விஷயத்தை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்ற கூச்சம் ஒரு பக்கம். எழுதினால் நான் செய்த தவற்றையும் எழுத வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் கூச்சத்தைவிடப் பயம்தான் பெரிது.

போன வாரம் நடந்த ஒரு சின்ன சங்கதி என்னை உட்கார வைத்துவிட்டது. என் சிவப்பு அடையாள கார்டைப் புதுப்பிக்கப் பதிவு இலாகாவுக்குப் போயிருந்தேன். இங்கே நிரந்தரமாகத் தங்கியவனுக்குச் சிவப்புக் கார்டு, குடிமகனுக்கு நீலம். நீலத்துக்கு நான் மனுப் போட்டுப் பல வருடம் ஆகிறது. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே கடிதம் தேதி மட்டும் மாறி வந்துகொண்டிருக்கும்.

கவுண்டரில் இருந்த மலாய்க்கார அதிகாரி என் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் உருட்டினார். கறுப்பாக ஒரு திட்டு. ரேகையைக் காணோம். துடைத்துவிட்டு மறுபடியும் உருட்டினார். மற்ற விரல்களையும் பார்த்தார்.

"அங்கிள், ஜாரி கொசோங் லா," என்றார். விரல் வெறுமையாக இருக்கிறதாம்.

என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பதினெட்டு வருடம் தோசைக்கல் என்று என் உடைந்த மலாயில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ரேகை இல்லாதவனுக்கு என்று தனியாக ஒரு விண்ணப்பப் பாரம் தேடப் போனார். அதைத் தேடி எடுத்துவர அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை ஒரு பெண்ணின் எட்டு மாத உழைப்பைக் கெடுத்த கை. அதைச் சொல்லாமல் சாகக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

2

கடை இருந்த வரிசையை இடிக்கப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தபோது முதலாளி கல்லை இறக்கிக் கடையை மூடிவிட்டார். வாரம் தவறாமல் வந்து சாப்பிடும் ஒருவர் சொல்லி, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். கண்ணாடிச் சாமான் கழுவுவது, கிருமிகளுக்குச் சாப்பாடு சமைப்பது, இரண்டும்தான் வேலை. ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருடம்.

கிருமிக்குச் சாப்பாடு என்றதும் ஊரில் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது நிஜமாகவே சமையல்தான். இங்கே தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு செய்யும் அகர்-அகர் இருக்கிறதே, அதே கடற்பாசி மாவைச் சத்துத் தண்ணீரில் கரைத்து, பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு மிஷினில் அவித்து, ஆறியதும் மருந்து கலந்து, வட்டத் தட்டுகளில் ஊற்றி உறைய விட வேண்டும். அதன்மேல்தான் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளரும். எனக்கு முன்னால் இருந்த சீனப் பெரியவர் ஓய்வு பெறும்போது ஒரே ஒரு விதி சொல்லிவிட்டுப் போனார்: கொதித்த போத்தலைக் கையில் பிடிக்க முடிகிறதா, மருந்தை ஊற்று.

பதினெட்டு வருடம் கல்லில் தோசை திருப்பியவனுக்கு அந்த விதி போதும் என்றுதான் நினைத்தேன்.

3

நான் சமைத்தது பவானி அம்மாவுக்காக. கிள்ளானில் பிறந்தவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். இடைநிலைப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், படிப்பு விடுப்பில் முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தார். முதல் நாளிலிருந்தே நான் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டேன்.

"இன்னும் இல்லை அண்ணே. டிசம்பர்ல லீவு முடியுது. அதுக்குள்ள ஒண்ணும் வரலைன்னா மறுபடியும் டீச்சர்தான்," என்பார்.

"வாய் முகூர்த்தம்னு ஒண்ணு இருக்கு டாக்டர்."

ஒருநாள் நானாகவே கேட்டுவிட்டேன், இத்தனை தட்டும் எதுக்கு என்று. வேறு யாராவது என்றால் கழுவுகிறவனுக்கு எதற்கு என்று போயிருப்பார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நம்ம ரத்தம் ஏன் சிவப்பு, சொல்லுங்க?"

"முருகன் குடுத்தது."

"அவர்தான் குடுத்தார். எதுல வச்சுக் குடுத்தார்னு கேக்கறேன்."

எனக்கு விளங்குகிற மாதிரி அவர் சொன்னது இது. ரத்தத்தின் சிவப்பைச் சுமப்பது ஒரு புரதம். அது ஒன்றல்ல, ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை இழைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பது. இந்த நாட்டில் சில பிள்ளைகளுக்கு அதில் ஒன்று குறைவாகவே பிறக்கிறது. மாதா மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும். அவர் வகுப்பில் அப்படி ஒரு பெண் இருந்தாளாம். அவளுக்காகத்தான் இந்தப் படிப்புக்கே வந்தாராம். எனக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்தது. ஊரில் என்னோடு மூன்றாவது படித்த சாரதா வெளுத்து வெளுத்து ஒரு ஆடி மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். திருஷ்டி என்றார்கள்.

"அந்த ரெண்டு இழையையும் கிருமிய வச்சே செய்யணும் அண்ணே. அப்பத்தான் எங்க கோளாறுன்னு நிதானமாப் பாக்கலாம். ஆல்பாவ மட்டும் தனியாச் செய்ய விட்டா, ரவைய வெந்நில ஒரே கொட்டாக் கொட்டின மாதிரி கட்டி தட்டிப் போகும். பீட்டா பக்கத்துலயே இருந்தாத்தான் பிடிச்சுக்கிட்டு ஒழுங்கா மடியும். ரெண்டும் ஒரே வீட்டுல, ஒரே நேரத்துல பிறக்கணும்."

கிருமியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். கிருமிக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு குட்டி வளையம் உண்டாம். அதில் நாம் ஒன்றை எழுதி வைத்தால் கிருமி அதைப் படித்துச் செய்துகொடுக்கும். கிருமி இரண்டாகப் பிரியும்போது வளையத்தையும் எழுத்து பிசகாமல் பிரதி எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும்.

"சும்மா சுமக்குமா டாக்டர்?"

"சுமக்காது. அதுக்கு அது பாரம். விட்டா தூக்கி எறிஞ்சிடும். அதுக்குத்தான் நீங்க கலக்கற மருந்து. மருந்தைத் தாங்கற சக்தியையும் அந்த வளையத்துலயே எழுதி வச்சிருக்கு. வளையத்தை வச்சிருக்கிற கிருமி பிழைக்கும். எறிஞ்சது சாகும்."

ஆல்பா ஒரு வளையத்தில், அதற்குக் காவல் கனமைசின் என்ற மருந்து. பீட்டா இன்னொரு வளையத்தில், அதற்குக் காவல் ஆம்பிசிலின். இரண்டு மருந்தும் இருந்தால்தான் கிருமி இரண்டு வளையத்தையும் கைவிடாமல் வைத்திருக்கும்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிருக்குள் ஒரு எழுத்து, அதைக் காக்க ஒரு காவல். ஆண்டவன் வேலையை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கிற பெண்ணுக்குச் சமைத்துப் போடுகிற பாக்கியம் எனக்கு. மறுநாளிலிருந்து மருந்தை ஊற்றியதும் போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முருகனின் ஆறெழுத்தை நூற்றெட்டு முறை நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டில் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன். கிருமியை வளர்க்கும் தண்ணீர்ச் சாப்பாட்டுக்கும் அப்படியே.

4

வரவில்லை. ஒவ்வொரு முறையும் கிருமிகளை உடைத்துச் சுழற்றும் மிஷினில் போட்டு எடுத்தால் குழாயின் அடியில் வெள்ளைக் கட்டி. ஆல்பா தனியாகப் பிறந்து கட்டி தட்டியிருக்கிறது. பீட்டாவே இல்லை. பவானி அம்மா கிருமிக்குள் வளையத்தைத் தேடிப் பார்த்தார். ஆல்பா வளையம் இருந்தது, பீட்டா வளையம் போயிருந்தது.

"ரெண்டு வளையமும் ஒரே வீட்டுல இருக்க மாட்டேங்குது அண்ணே. ஒண்ணு ஒண்ணைத் தள்ளிடுது."

தட்டின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்து, வளையமே இல்லாத வெறுங்கிருமியை அதில் போட்டுப் பார்த்தார். அத்தனையும் செத்துப்போயின. மருந்து வேலை செய்கிறது என்று முடிவாயிற்று. நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அப்படியே எட்டு மாதம். நான் அந்த வேலைக்கு வந்து ஆன காலம் மொத்தமும் அந்த எட்டு மாதம்தான். ஆகஸ்டில் பேராசிரியர் கூப்பிட்டுப் பேசினார். இந்த இரண்டும் சேராது என்று எழுதிவிட்டுச் முனைவருக்குக் கீழே ஒரு சின்னப் பட்டத்தோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பலாமே என்றாராம். பவானி அம்மா திரும்பி வந்து மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான மேசையை எவ்வளவு நேரம் துடைப்பது.

5

எங்கள் மாடியைக் கூட்டுகிற ரொக்கியா அக்காவை எல்லோரும் காக் ரொக்கியா என்போம். காக் என்றால் மலாயில் அக்கா. அந்த வாரம் ஒருநாள் நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அலமாரிக் கதவு திறந்து ஆடியது. அதை மூடலாம் என்று, பக்கத்தில் நின்ற அவரிடம் போத்தலை நீட்டினேன். வாங்கினார்.

"பானாஸ்," என்று ஒரு அலறல். சூடு என்று அர்த்தம். போத்தல் தரையில் விழுந்து சிதறியது. அவர் குழாயடிக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையை நகத்தால் தட்டினார். டொக்கென்று கேட்டது.

"இனி தாங்ஙான் கா, குவாலி கா?" என்றார். இது கையா, வாணலியா.

நானும் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

மேசையில் இன்னொரு போத்தல் இருந்தது. கையில் எடுத்தேன். சுகமாகத்தான் இருந்தது, எப்போதும் மருந்து ஊற்றுகிற பக்குவம். தெர்மாமீட்டரை உள்ளே விட்டேன். எண்பதை நெருங்கி நின்றது. சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஐம்பது என்று போட்டிருந்தது. அந்தத் தாளை நான் தினம் பார்த்தவன்தான். அது படித்தவர்களுக்கு, நமக்குக் கைப்பக்குவம் என்று இருந்துவிட்டேன்.

மருந்துப் பெட்டியில் இருந்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் கவிதாவிடம் கொடுத்தேன். அப்போது ஃபார்ம் ஃபைவ், ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும்.

"இந்த கனமைசின் ஓகே லா, ஹீட் எல்லாம் தாங்கும். ஆம்பிசிலின் கெனாட், தாங்காது. சூடு பட்டா போச்சு. வொய் ப்பா?"

"சும்மாதான்."

எல்லாம் விளங்கிவிட்டது. வெறுங்கிருமியைக் கொன்றது கனமைசின் ஒன்றுதான். ஆம்பிசிலினை நான் வேகவைத்துவிட்டேன், அதுவும் நூற்றெட்டு முறை ஆறெழுத்துச் சொல்லி. பீட்டாவுக்குக் காவல் இல்லை. காவல் இல்லாத வளையத்தைக் கிருமி எறிந்துவிட்டது. பாவம் அந்தப் பெண், வளையங்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

6

சொன்னால் என் ஒப்பந்தம் போகும். சிவப்புக் கார்டுக்காரன், நாற்பதைத் தாண்டியவன், தோசைக்கல்லும் இல்லை. கவிதாவுக்கு அந்த வருடம் பரீட்சை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நாளையிலிருந்து ஆற வைத்து ஊற்றினால் போதும், தானாகவே சரியாகிவிடும் என்றும் மனம் சொன்னது. ஆனால் பவானி அம்மா அதற்குள் முயற்சியையே விட்டுவிட்டால்?

பிரிக்பீல்ட்ஸ் முருகன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டி வைத்துக் கேட்டேன். வெற்றிலையில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொள்வது. கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு.

மனம் லேசாகிப் போனது. அந்த லேசு இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"முருகனே வேணாம்னுட்டாரு," என்றேன்.

"சொல்லணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரியாததத்தான் சாமிகிட்ட கேக்கணும். தெரிஞ்சத வச்சுக்கிட்டுக் கேட்டா அது சாமியச் சோதிக்கிறது. அவரு உங்களச் சோதிச்சுட்டாரு. போங்க, குளிங்க."

7

மறுநாள் காலை எட்டு மணிக்கு, அவர் பையை வைத்ததும் சொன்னேன். "டாக்டர், உக்காருங்க."

"என்ன அண்ணே, நீங்களும் வேலைய விடப் போறீங்களா?"

சொன்னேன். கை, போத்தல், தெர்மாமீட்டர், நூற்றெட்டு, ஒன்றையும் விடவில்லை. அவர் எழுந்து வெளியே நடைவழிக்குப் போய்விட்டார். நான் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"எட்டு மாசம் அண்ணே."

"ஆமா."

"எட்டு மாசமா அந்தப் பீட்டாவத் திட்டிக்கிட்டு இருந்தேன்." சிரிக்கப் போனார், அது பாதியிலேயே உடைந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசிரியை குரலில் பேசினார். "ஆம்பிசிலின மட்டும் போட்டுத் தனியா ஒரு தட்டு வச்சுச் சோதிச்சிருக்கணும். ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும். அது என் வேலை, உங்க வேலை இல்ல. எனக்கு அது தோணல. ரெண்டு பேரும்தான் தப்புப் பண்ணினோம்."

நான் பார்த்த பெரிய மனிதர்களில் அவர் ஒருவர் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. எட்டு மாதத்தை இழந்தவர் முதலில் தேடியது தன் பங்கை.

"என் ஒப்பந்தத்துக்கு நீங்க எழுதிக் குடுக்கணும். உள்ளதையே எழுதுங்க," என்றேன்.

"உள்ளதைத்தான் எழுதுவேன். இப்ப போய்த் தட்டு ஊத்துங்க. நூத்தியெட்டை முதல்ல சொல்லுங்க, மருந்த அப்புறம் ஊத்துங்க. சாமியையும் விட வேணாம், தெர்மாமீட்டரையும் விட வேணாம்."

தெர்மாமீட்டர் ஐம்பதுக்கு இறங்க எனக்கு ஐந்து நூற்றெட்டு ஆயிற்று. இன்றைக்கும் அதே கணக்குத்தான்.

8

செப்டம்பரில் ஒரு காலை, "அண்ணே, வாங்க," என்று கூப்பிட்டார். கையில் சுழற்றி எடுத்த குழாய். அடியில் கிருமிகள் படிந்திருந்தன. வழக்கமாக வெளிறிய மாவு நிறம். அன்று ரோஜாச் சர்பத்தைப் பாலில் கலக்கி இங்கே பண்டுங் என்று குடிப்பார்களே, அந்த நிறம்.

ஆல்பாவும் பீட்டாவும் கைகோத்து, ஒரு கிருமிக்குள், ரத்தத்தின் சிவப்பு. மனிதரும் இல்லை, நரம்பும் இல்லை, இதயமும் இல்லை, வெறும் கிருமி. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். பவானி அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குழாயை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டினார். காக் ரொக்கியா எட்டிப் பார்த்து, "சாந்தேக்," என்றார். அழகு.

அதோடு பவானி அம்மா நிற்கவில்லை. இரண்டு வளையம் என்றால் இரண்டு காவல், ஒரு காவல் தூங்கினாலும் எல்லாம் போகும் என்று நாம்தான் பார்த்துவிட்டோமே என்றார். ஆல்பாவையும் பீட்டாவையும் ஒரே வளையத்தில் அடுத்தடுத்து எழுதினார். ஒன்றைப் படித்தால் மற்றதையும் படித்தே ஆக வேண்டும். ஒன்றை எறிந்தால் இரண்டும் போகும், ஆகவே ஒன்று மட்டும் போக வழியில்லை. காவலுக்குச் சூடு தாங்கும் கனமைசினையே வைத்தார்.

"உங்க கைக்குன்னே செஞ்ச வளையம் அண்ணே," என்றார்.

நவம்பரில் அந்த வளையம் கொடுத்த சிவப்பு முன்னதைவிட அடர்த்தியாக இருந்தது. டிசம்பரில் அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. எழுதி முடிக்க அவகாசம் கொடுத்தார்கள். என் ஒப்பந்தத்துக்கு அவர் எழுதியதில் தவறும் இருந்தது, நான் வந்து சொன்னதும் இருந்தது. ஒரு வருடம் புதுப்பித்தார்கள்.

வீட்டில் இதைச் சொல்லும்போது ஒருநாள் கவிதாவைக் கோயிலுக்கு வா என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டுவிட்டேன்.

"அப்பா, நீங்கதான் ஆம்பிசிலின் லா. சூடானா வேலை செய்யாது," என்றாள்.

சரசு சிரித்த சிரிப்பில் நானும் ஆறிவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. தேவை இல்லாத வளையத்தைக் கிருமி எறிவது போலத்தான், இந்த ஊரில் பிள்ளைகள் தமிழையும் கோயிலையும் எறிகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போதெல்லாம் குரலை உயர்த்தாமல் கூப்பிடுகிறேன். மூன்று வெள்ளிக்கு ஒரு வெள்ளி வருகிறாள்.

9

பட்டம் கிடைத்ததும் டாக்டர் பவானி தன் ஆய்வேட்டின் ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தார். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருந்தது. கவிதா அதை இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள்.

"ப்பா, உங்க மிஸ்டேக்கையும் போட்டிருக்காங்க. அந்த லைனை விட்டுடவா?"

"விடாதே. இருக்கிறபடி வாசி."

வாசித்தாள். யாருக்கும் தெரிய வழியில்லாத ஒரு தவற்றைத் தன்னுடையது என்று வந்து சொன்ன சுப்பையா அண்ணனுக்கு, என்று இருந்தது. அவ்வளவுதான். கவிதா தாளைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு முறை தானாகவே, தமிழில் மட்டும் வாசித்தாள்.

இதை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோயில் கமிட்டியில் என் கதை வேறு மாதிரி உலாவுகிறது. சுப்பையா ஆறெழுத்து ஓதிய போத்தலில் முருகன் ரத்தத்தை வரவழைத்தார் என்று சொல்கிறார்கள். கேட்டவர்கள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கதையில் வெந்துபோன மருந்து இல்லை. சிவப்புப் பூ இல்லை. சரசு இல்லை. எட்டு மாதம் வெள்ளைக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பவானியும் இல்லை. முருகன் அருள் இதில் இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். ஆனால் அது போத்தலில் இருந்ததா, ஒரு சூட்டை உணர முடிந்த காக் ரொக்கியாவின் கையில் இருந்ததா என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வீர்கள் என்றால் சந்தோஷம். சொல்லும்போது எனக்காக இரக்கப்பட்டு என் தவற்றைக் குறைக்க வேண்டாம். பக்தியால் ஒன்றையும் கூட்டவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமி தன் வளையத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி, இருக்கிறபடி கொடுங்கள். பதிவு இலாகாவில் என் விரலுக்கு அடையாளம் இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். இந்தக் கைக்கு அடையாளம் என்று இருப்பது இந்தக் கதை ஒன்றுதான். அதில் அந்தத் தவறும் சேர்ந்தே இருக்கட்டும்.